தேருக்கும் பிரேக் உண்டு! ஆண்டாள் தேர் முதல் அம்பாசடர் கார் வரை

ஓடுகிற வண்டியைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள். அது எப்படி நிற்கிறது என்று யோசிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆடி மாதம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் அலை மோதும். ஆடிப்பூரம் ஆண்டாள் பிறந்த நாள். அன்று ஆண்டாளும் ரெங்கமன்னாரும் பெரிய தேரில் ஏறி, நான்கு ரத வீதிகளையும் சுற்றி வருவார்கள். தமிழ்நாட்டின் மிகப்பெரிய தேர்களில் அது ஒன்று. ராஜபாளையத்தில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். மில் தொழிலாளிகளும், கடைக்காரர்களும், பிள்ளை குட்டிகளோடு தாய்மார்களும் பஸ் ஏறி வந்து சேருவார்கள்.

வடத்தில் ஆயிரக்கணக்கான கைகள் விழும். "கோவிந்தா! கோபாலா!" என்ற குரல் கோபுரத்தை எட்டும். தேர் அசையும். மெல்ல மெல்ல நகரும். பிறகு ஓடும்.

சரி, ஓடுகிறது. அதை நிறுத்துவது யார்?

வடம் பிடித்த ஆயிரம் பேரும் கையை விட்டாலும் தேர் உடனே நின்று விடாது. முன்னால் வடம் இழுப்பவர்கள் மனிதர்கள். பக்கத்தில் நிற்பவர்களும் மனிதர்கள். தேர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவை இல்லை.

அதனால்தான் தேருக்கும் பிரேக் வேண்டும். அந்த பிரேக்கின் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அந்தக் கதைக்குள் உங்கள் வீட்டுக் காரின் கதையும் இருக்கிறது.

முட்டுக்கட்டை போட்டவர்கள்

"என் வேலைக்கு அவன் முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அந்த முட்டுக்கட்டைதான் தேரின் பழைய பிரேக்.

அது ஒரு கனமான மரக்கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கி இருக்கும். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் அதைப் போட வேண்டும். சக்கரம் கட்டையில் மோதும். சரிவில் கொஞ்சம் ஏறும். ஏறினால் வேகம் குறையும். தேர் நிற்கும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும்!

கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு மிக அருகில் நடந்து வர வேண்டும். சக்கரம் ஆள் உயரம் இருக்கும். ஒரு நொடி முந்தினால் கட்டை தள்ளிக்கொண்டு போகும். ஒரு நொடி பிந்தினால் சக்கரம் கட்டையைத் தாண்டி விடும். கால் இடறினால் உயிர் போகும்.

இந்த வேலையைத் தகப்பனிடம் இருந்து பிள்ளை கற்றுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. கண்ணும், காலும், கையும் சேர்ந்து கற்க வேண்டிய வித்தை அது.

முட்டுக்கட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேருக்கு ஸ்டீரிங் கிடையாது. தேர் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால், வலது சக்கரத்துக்கு முன்னால் கட்டை போடுவார்கள். வலது பக்கம் தயங்கும். இடது பக்கம் முந்தும். தேர் வலது பக்கம் திரும்பும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கார் பிரேக்கைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு உதவும்.

மரச்சக்கரம் தானே நிற்கும்

பழைய நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு ஒன்பது மரச்சக்கரங்கள் இருந்தன என்று ஊரில் சொல்வார்கள். புறப்பட்ட தேர் மறுபடி நிலைக்கு வந்து சேர நாள் கணக்கில் ஆகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகுமாம்.

ஏன் அவ்வளவு தாமதம்?

மரச்சக்கரம் மர அச்சில் சுற்றும்போது மரமும் மரமும் உரசும். அவ்வளவு பாரத்தையும் தாங்கிக்கொண்டு உரசும். சக்கரம் தெருவில் புதையும். சக்கரம் தேய்ந்து கோணலாகும். எத்தனை பேர் இழுத்தாலும் தேர் சில அடி தூரம் நகர்ந்து நின்று விடும். பின்னால் பெரிய மரத்தடிகளைப் போட்டு நெம்பித் தள்ள வேண்டும். மறுபடி சில அடி. மறுபடி நிற்கும்.

அந்தத் தேரை ஓட்டுவதுதான் கஷ்டம். நிறுத்துவது அவ்வளவு கஷ்டம் இல்லை. உரசலே பாதி பிரேக் வேலையைச் செய்து விட்டது.

பிறகு காலம் மாறியது. தமிழ்நாட்டின் பெரிய தேர்களுக்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் வந்தன. திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில் இருக்கும் பெல் தொழிற்சாலைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மின்சார நிலையங்களுக்குக் கொதிகலன் செய்யும் தொழிற்சாலை அது. அங்கே இருந்து பல கோவில் தேர்களுக்கு இரும்புச் சக்கரங்கள் போயின.

இரும்புச் சக்கரம் வந்ததும் தேர் வழுக்கிக்கொண்டு ஓடியது. நாள் கணக்கில் ஆன ஓட்டம் மணிக்கணக்கில் முடிந்தது. மக்களுக்கு மகிழ்ச்சி!

ஆனால் ஓர் ஆபத்தும் கூடவே வந்தது. உரசல் போய் விட்டது. உரசல் செய்து வந்த பிரேக் வேலையும் போய் விட்டது. எளிதாக ஓடும் வண்டி எளிதாக நிற்காது. ஓட்டத்தை மாற்றினால் நிறுத்தத்தையும் மாற்ற வேண்டும்.

மரச்சக்கரத்தின் வேகத்துக்குப் பழகிய முட்டுக்கட்டை மட்டும் இனிப் போதாது என்று ஆனது. அதனால் இரும்புச் சக்கரத்தோடு ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. இன்று ஆண்டாள் தேர் இரும்புச் சக்கரத்தில் ஓடுகிறது. அதற்கு ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது.

தேரின் பலம் எவ்வளவு?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு விளக்கிச் சொல்லலாம்.

நூறு டன் எடை உள்ள ஒரு தேர். மனிதன் நடக்கும் வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 1 மீட்டர். இன்னொரு பக்கம் ஒரு டன் எடை உள்ள ஒரு கார். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 10 மீட்டர்.

இரண்டில் எதை நிறுத்துவது கஷ்டம்?

இரண்டுக்கும் இயக்க ஆற்றல் ஒன்றுதான்! எடை நூறு மடங்கு, வேகம் பத்தில் ஒரு பங்கு. வேகம் மட்டும் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு கணக்கில் சேரும். அதனால் இரண்டும் சரிசமம் ஆகி விடுகின்றன.

மெதுவாகத்தானே போகிறது என்று தேருக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு முன்னால் பாய்வீர்களா?

வீதி சரிவாக இருந்தால் கதை இன்னும் மோசம். நூறு அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக்கூடத் தெரியாத சரிவு. அதில் நூறு டன் தேரை ஒரு டன் விசை கீழ்நோக்கி இழுக்கும். யாரும் வடம் பிடிக்க வேண்டாம். தானே உருளும்.

ஊர் ஊராகத் தேர்

திருவாரூர் ஆழித்தேரை அறியாதவர் உண்டா? அலங்காரம் செய்து முடித்தால் உயரம் 96 அடி. எடை 300 டன். 1926-ல் தீப்பிடித்து எரிந்தது. மறுபடி புதிதாகச் செய்தார்கள். 1948-க்குப் பிறகு பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. 1970-ல் மறுபடி ஓடியது. இந்தத் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பெல் தொழிற்சாலை செய்து கொடுத்தவை. மூலை திரும்பும்போது இரும்புத் தகடுகளைப் பரப்பி, மசகு தடவி, அதன் மேல் சக்கரத்தை வழுக்க விட்டுத் திருப்புவார்கள். அதைப் பார்க்கவே தனிக் கூட்டம் கூடும்.

ஒடிசா மாநிலத்தில் பூரி ஜெகந்நாதர் கோவிலில் மூன்று தேர்கள். ஒன்றுக்கு 16 சக்கரம், ஒன்றுக்கு 14, ஒன்றுக்கு 12. ஆண்டுதோறும் புது மரத்தில் புதிதாகச் செய்கிறார்கள். அந்தத் தேரைக் கண்டு வெள்ளைக்காரர்கள் மிரண்டு போனார்கள். எதிரே வருவதை எல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் பெரும் சக்திக்கு ஆங்கிலத்தில் 'ஜகர்நாட்' என்று பெயர். ஜெகந்நாதர் பெயரில் இருந்து பிறந்த சொல் அது!

எல்லாத் தேரும் நல்லபடியாக நிலைக்கு வந்து விடுவது இல்லை. 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் தர்மபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் தேர் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதே ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் தேர் முன்பக்கமாகச் சாய்ந்தது. பலர் காயம் அடைந்தார்கள். உயரமான தேர் திடீர் என்று வேகம் எடுப்பதும் ஆபத்து. திடீர் என்று நிற்பதும் ஆபத்து. நிதானமாகப் புறப்பட்டு, நிதானமாக நிற்க வேண்டும். நல்ல பிரேக் என்பது சட்டென்று பிடிப்பது மட்டும் அல்ல. அளவாகப் பிடிப்பது!

எண்ணெய் செய்யும் மாயம்

ஹைட்ராலிக் பிரேக் என்றால் என்ன? பயப்படாதீர்கள். டாக்டர் ஊசி போடும் குழாயைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுதான்.

ஒரு சின்னக் குழாய். ஒரு பெரிய குழாய். இரண்டையும் ஒரு ரப்பர்க் குழாயால் இணையுங்கள். உள்ளே காற்று இல்லாமல் எண்ணெய் நிரப்புங்கள். சின்னக் குழாயைப் போலப் பெரிய குழாயின் வாயின் பரப்பளவு பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். சின்னக் குழாயை 10 கிலோ விசையில் அழுத்தினால், பெரிய குழாயில் 100 கிலோ விசை கிடைக்கும்!

இது மாயம் இல்லை. 17-ம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்ன விதி. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சின்னக் குழாயை 10 அங்குலம் தள்ளினால்தான் பெரிய குழாய் 1 அங்குலம் நகரும். விசை பெருகினால் தூரம் குறையும். இலவசமாக எதுவும் கிடைக்காது!

1921-ல் அமெரிக்காவில் டூசன்பர்க் என்ற காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்தார்கள். பிறகு உலகம் முழுவதும் பரவியது. கார், பஸ் என்று வளர்ந்த அந்த வித்தைதான் கடைசியில் கோவில் தேருக்கும் வந்து சேர்ந்தது. மோட்டார் வண்டியின் பிரேக் முறை, பல நூற்றாண்டு வழக்கம் உள்ள தேருக்குப் பொருந்தி விட்டது.

ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஓய்வு பெற்று விடவில்லை. இன்றும் தேரோடு கட்டையும் கையுமாக நடக்கிறார்கள். தேரைத் திருப்ப அவர்கள் வேண்டும். பிரேக் பிடிக்காமல் போனால் காப்பாற்றவும் அவர்கள் வேண்டும். ஒன்று தவறினால் இன்னொன்று. இதுவும் நினைவில் இருக்கட்டும்.

பழைய காருக்குப் புது ஆசை

இப்போது காருக்கு வருவோம்.

ராஜபாளையம் மில்களின் ஊர். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். மில்கள் வளர்ந்தன. மில்லோடு லாரியும், காரும், ஒர்க்ஷாப்பும் வளர்ந்தன. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊர்களில் பழைய அம்பாசடரையும், பியட்டையும் விற்க மனம் வராமல் ஷெட்டில் துடைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. தாத்தா ஓட்டிய கார், அப்பா கல்யாணத்துக்கு வந்த கார் என்று பாசம்!

அந்தக் காருக்குப் பேரன் ஆசைப்படுகிறான். புது எஞ்சின் வைக்கிறான். அகல டயர் போடுகிறான். கார் பறக்கிறது. ஆனால் பிரேக்?

பழைய அம்பாசடருக்கும் பியட்டுக்கும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். வாணலியைக் கவிழ்த்தது போல ஓர் இரும்பு டிரம் சக்கரத்தோடு சுற்றும். உள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள். பெடலை மிதித்தால் கட்டைகள் விரிந்து டிரம்மின் உட்புறத்தில் உரசும்.

அந்த நாளைய வேகத்துக்கு அது போதும். வேகம் கூடினால் சூடு கூடும். சூடு வெளியே போக வழி இல்லை. டிரம் சூட்டில் விரிந்து கட்டையை விட்டு விலகும். கட்டையின் பிடியும் குறையும். மிதிக்க மிதிக்கக் கார் நிற்காது.

இந்த இரண்டு ஊர்களின் வழியாகப் போகும் திருமங்கலம் – கொல்லம் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். தென்காசி, செங்கோட்டை தாண்டினால் புளியரை. அங்கே 'எஸ்' வளைவு. மலை இறங்கும் லாரி டிரைவர் பிரேக்கை விடாமல் மிதிக்க மாட்டார். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர் என்பது அவர்கள் பாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடாகாது.

தட்டைக் கிள்ளும் விரல்கள்

டிரம்முக்கு மாற்றாக வந்தது டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுற்றும். இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகள். பெடலை மிதித்தால் பட்டைகள் தட்டைக் கிள்ளிப் பிடிக்கும். சுற்றும் தட்டைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடிப்பது போல! தட்டு வெளியே திறந்து கிடக்கிறது. காற்றுப் பட்டுச் சூடு ஆறுகிறது.

இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் 1902-லேயே இதற்கு உரிமை பெற்றார். ஆனால் அப்போது அது கீச்சிட்டது. யாரும் விரும்பவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதற்கு நல்ல காலம் பிறந்தது. 1953-ல் பிரான்சில் லெ மான்ஸ் என்ற ஊரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம். ஜாகுவார் பந்தயக் கார் டிஸ்க் பிரேக்கோடு வந்தது. மற்ற கார்கள் வளைவுக்கு வெகு தூரத்திலேயே பிரேக் போட்டன. ஜாகுவார் மட்டும் வளைவுக்கு அருகே வந்து பிரேக் போட்டது. பந்தயத்தை வென்றது. அந்தப் பந்தயத்தில் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுதான் முதல் முறை. நன்றாக நிற்கத் தெரிந்த கார்தான் வேகமாக ஓட முடியும்!

சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு என்ற காரைச் செய்தது. அதற்கு இங்கிலாந்தில் ஒரு தம்பி உண்டு. ஸ்பிட்பயர் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1962-ல் வந்தது. அண்ணனின் உறுப்புகளில் இருந்து பிறந்த தம்பி. அந்தத் தம்பிக்கு முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக். அண்ணன் வைத்திருப்பவர்கள் தம்பியின் பிரேக் மேல் கண் வைத்ததில் வியப்பு என்ன? பழைய கார்ப் பிரியர்கள் உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள். அதே குடும்பத்தில் பின்னால் வந்த வண்டியின் பிரேக்கை எடுத்து முன்னால் வந்த வண்டிக்கு வைக்கிறார்கள்.

முன் சக்கரத்துக்கு ஏன் மரியாதை?

டிஸ்க் பிரேக்கை முதலில் முன் சக்கரத்துக்கே வைப்பது ஏன்?

பஸ்சில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் திடீர் என்று பிரேக் போடுகிறார். நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள். பஸ்சும் அப்படித்தான் சாய்கிறது! பாரம் முன் சக்கரத்துக்கு வருகிறது. பின் சக்கரம் லேசாகிறது. பாரம் உள்ள சக்கரம்தான் ரோட்டை இறுகப் பிடிக்கும். அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு.

பின் பிரேக் அதிகம் பிடித்தால் லேசான பின் சக்கரம் இறுகி, வண்டி சுழன்று விடும். முன் பிரேக் அளவுக்கு மேல் பிடித்து முன் சக்கரம் இறுகினால், ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். இரண்டுக்கும் பொருத்தம் வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போல!

மாற்றும் முன் பத்துப் பாடம்

வேறு வண்டியின் பிரேக்கைத் தன் வண்டிக்கு வைக்க ஆசைப்படுகிறவர்கள் இவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. இரண்டு முன் சக்கரத்துக்கும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நன்றாகப் பிடித்தால், முட்டுக்கட்டை போட்ட தேர் போல வண்டி அந்தப் பக்கம் திரும்பி விடும்.

2. வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது என்பது போதாது. சக்கரத்தின் வளையத்துக்குள் புது பிரேக் உரசாமல் அடங்க வேண்டும். தட்டின் நடுவில் பட்டைகள் நேராக உட்கார வேண்டும்.

3. பிரேக்கைத் தாங்கும் இரும்புத் தாங்கியில்தான் உயிர் இருக்கிறது. கிடைத்த தகட்டை வெட்டி, ஒட்டு வைத்து ஒப்பேற்றக் கூடாது. சரியான கனமும், சரியான போல்ட்டும் வேண்டும்.

4. பெடலுக்கு முன்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் கவனியுங்கள். பாஸ்கல் கணக்கை நினையுங்கள். புது பிரேக்குக்கு அதிக எண்ணெய் வேண்டும் என்றால், பழைய சின்ன சிலிண்டர் போதாது. பெடல் அடிவரை போய் விடும். சிலிண்டர் மிகப் பெரிதானாலோ பெடல் கல்லாகி விடும்.

5. டிரம் பிரேக்கில் சக்கரத்தின் சுழற்சியே கட்டையை இழுத்து இறுக்க உதவும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. அதிகம் அழுத்த வேண்டும். அதனால் பூஸ்டர் தேவைப்படலாம்.

6. டிரம் பிரேக் குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்கும்படி ஒரு சிறு வால்வு இருக்கும். டிஸ்க் பிரேக் குழாயில் அது இருந்தால் பட்டைகள் தட்டை விடாமல் உரசிச் சூடாகும்.

7. பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு! முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு வழி உள்ள மாஸ்டர் சிலிண்டர் வைப்பது நல்லது. ஒன்று தவறினால் இன்னொன்று. தேருக்குக் கட்டை போல!

8. ஸ்டீரிங்கை இடது கடைசி வரையும் வலது கடைசி வரையும் திருப்பிப் பாருங்கள். ரப்பர்க் குழாய் இழுபடக் கூடாது. டயரில் உரசக் கூடாது.

9. பிரேக் எண்ணெய் வேறு, எஞ்சின் எண்ணெய் வேறு. எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிப் பாழாகும். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சூட்டில் கொதிக்கும். கொதித்தால் ஆவி. ஆவி இருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், கார் நிற்காது. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றி விடுங்கள்.

10. பழைய பிரேக் கட்டையில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள். காற்றுப் பம்பாலும் ஊதாதீர்கள். நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சட்டமும் கேட்கும்

கார் என்னுடையது, என் இஷ்டம் என்று சொல்ல முடியாது. ரோடு எல்லோருக்கும் பொது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதனால் கை வைக்கும் முன்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு உடனே பெரிய ரோட்டுக்குப் போகாதீர்கள். ஆள் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி, மிதித்துப் பாருங்கள். இறங்கி ஒழுகுகிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டு போய், ஒரு பக்கம் மட்டும் சுடுகிறதா என்று பாருங்கள். மறுநாள் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக் கூடவே இருக்கட்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

எங்களிடம் பழைய கார் இல்லையே என்கிறீர்களா? சைக்கிள் இருக்கிறதா? ஸ்கூட்டர் இருக்கிறதா? பிள்ளை தினமும் அதில் பள்ளிக்கூடம் போகிறானா?

சைக்கிளின் பிரேக் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறதா என்று இன்றே பாருங்கள். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஸ்கூட்டர் பிரேக் கீச் என்று கத்தினால், அது பாட்டு அல்ல, எச்சரிக்கை! கார் பெடல் வழக்கத்தை விட அதிகம் கீழே போகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போகிறீர்களா? குழந்தையின் கையை விடாதீர்கள். சக்கரத்துக்கு அருகே போகாதீர்கள். கீழே விழுந்த பூவையோ, பழத்தையோ எடுக்கத் தேருக்கு முன்னால் குனியாதீர்கள். கட்டை போடுகிறவருக்கு வழி விட்டு நில்லுங்கள்.

ஊர் கூடினால் தேர் ஓடும். அதை அளவாக நிறுத்தச் சில பேரின் நிதானம் வேண்டும். தேருக்கு மட்டும் அல்ல, ஸ்டீரிங்கைப் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த நிதானம் வேண்டும். புறப்பட்ட தேர் நிலைக்கு வர வேண்டும். புறப்பட்ட பிள்ளையும் வீடு வந்து சேர வேண்டும்.